அந்தப் புத்தகம் எப்படி இருந்தது?

1880 அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரியில் அந்த ஆண்டுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த இருபத்தைந்து வயது சாமிநாதையர், ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவற்றையெல்லாம் இளைஞர் அடுக்கினார். முதலியாருக்கு அவை போதவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதைத் தவிர இளைஞரிடம் வேறு பதில் இல்லை.

முதலியார் அத்தோடு விட்டுவிடவில்லை. தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படிக்கத் தொடங்கியவருக்குச் சமண சமயச் செய்திகள் பிடிபடவில்லை. கும்பகோணத்திலேயே சமணர் வீடுகளில் சிந்தாமணியை முறையாகப் படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் இருப்பது தெரிந்து, அங்கே போய்க் கேட்டுத் தெளிந்தார். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. பின்னாலேயே பத்துப்பாட்டு 1889-ல், சிலப்பதிகாரம் 1892-ல், புறநானூறு 1894-ல், மணிமேகலை 1898-ல்.

உ.வே.சாமிநாதையரின் உழைப்புக்குச் சான்றாகத்தான் இந்தக் கதை வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அது நியாயமும்கூட. ஆனால், கதையில் இருக்கும் மற்றவர்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும். முதலியார் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர், தமிழாசிரியர் அல்ல. கும்பகோணத்துச் சமணர்கள் தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தவர்கள். பட்டத்துக்காக அவர்கள் படிக்கவில்லை. ஒருவர் படித்ததை மற்றவரிடம் கேட்டார், இன்னொருவர் தெரிந்ததைச் சொன்னார். வாசகர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட இந்தப் பேச்சு நடக்காமல் இருந்திருந்தால், சிந்தாமணி அச்சேறுவதற்கு இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ.

தமிழ்நாட்டில் இன்று புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. 1977-ல் சென்னை அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் 22 அரங்குகளோடு தொடங்கிய புத்தகக் காட்சி, அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஏறத்தாழ 900 அரங்குகளோடு நடக்கிறது. ஈரோட்டில் 2005 முதல் புத்தகத் திருவிழா நடக்கிறது. மாவட்டங்கள்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. பை நிறையப் புத்தகம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் வெளியே வருவதைப் பார்க்கவே நிறைவாக இருக்கிறது. குறை அதற்குப் பிறகுதான். அந்தப் பையிலிருந்த புத்தகத்தைப் படித்து முடித்த மனிதர் அதைப் பற்றி யாரோடு பேசுவார்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான ஊர்களில் விடை இல்லை. அந்த விடையை அரசும் நூலகங்களும் வாசகர்களும் சேர்ந்து உண்டாக்க வேண்டும்.

கேட்போரும் ஒரு பகுதி

படித்தவர் கருத்துக்கு மதிப்பு தருவது தமிழுக்குப் புதிதல்ல. ஒரு நூலின் பாயிரத்தில் என்னென்ன சொல்லப்பட வேண்டும் என்று நன்னூல் வகுத்திருக்கும் எட்டில், ஆக்கியோன் பெயரோடும் நூற்பெயரோடும் கேட்போரும் ஒன்று. யாருக்காக எழுதப்பட்டது என்பதைச் சொல்லாமல் நூலை அறிமுகப்படுத்தக் கூடாது என்பது அந்த மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் சிறப்புப் பாயிரம் சொல்கிறது. அரங்கேற்றம் என்றால் மாலை மரியாதை மட்டுமல்ல. அவையில் இருப்பவர் தடை எழுப்புவார். நூலாசிரியர் விடை சொல்வார். அதைத் தாண்டி வந்த பிறகே நூல் உலகுக்குப் போகும்.

அந்த அவை அரசர்களுக்கும் புலவர்களுக்கும் உரியதாக இருந்தது. அச்சு வந்த பிறகு அவையின் கதவு திறந்தது.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் வீட்டு நடுவே வட்ட வடிவில் ஒரு தொட்டிக்கட்டு இருந்தது. அங்கே நண்பர்கள் கூடிக் கவிதை படித்தார்கள். கூட்டத்துக்கு 'வட்டத்தொட்டி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வழக்கறிஞர்கள், அரசு அலுவலர்கள், ஆசிரியர்கள் என்று பலரும் வந்தார்கள். ராஜாஜி, கல்கி, பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ்.மகராஜன் போன்றோர் டி.கே.சி.யோடு நெருங்கிப் பழகியவர்கள். கம்பனின் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, அது நெஞ்சில் எங்கே தைக்கிறது என்று பேசுவதே அங்கு நடந்த வேலை. பண்டிதர்களின் பதவுரைக்குள் அடைபட்டுக் கிடந்த கம்பனைச் சாதாரணப் படிப்பாளியின் மடியில் கொண்டுவந்து வைத்தவர்களில் டி.கே.சி. முதன்மையானவர்.

அதே வட்டம் இன்னொன்றையும் காட்டியது. ரசனையை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்ட டி.கே.சி., தமக்குச் சுவைக்காத பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என்று ஒதுக்கினார்; சில பாடல்களில் சொற்களையும் திருத்தினார். ஏட்டுச் சுவடிச் சான்று கேட்ட அறிஞர்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள். மறுத்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு வாசகருக்கு முழு உரிமை உண்டு. பிடிக்காததால் அது கம்பன் எழுதியதே அல்ல என்று சொல்லச் சுவடியின் சான்று வேண்டும். கருத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் உள்ள இந்த எல்லையை, அவ்வளவு பெரிய ரசிகரே தாண்டியிருக்கிறார்.

தைத்து வைத்த தொடர்கதை

வட்டத்தொட்டிக்குப் போக முடியாத லட்சக்கணக்கான பேருக்கு வாரப் பத்திரிகை ஒரு தொட்டிக்கட்டாக இருந்தது. எழுத்தாளர் கல்கியின் வரலாற்று நாவல் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகள் 'கல்கி' இதழில் வந்தது. இதழ் வந்ததும் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று போட்டி. வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, மணியத்தின் ஓவியங்களோடு அடுக்கி, கடைசியில் பைண்டிங் செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். நடுநடுவே விளம்பரமும் துணுக்கும் பாதியில் வெட்டுப்பட்ட வேறு கட்டுரையும் வரும். அந்தத் தடித்த புத்தகம் ஒரு வீட்டில் இருந்தால் தெரு முழுக்கச் சுற்றிவரும். திரும்பி வரும்போது அட்டை கிழிந்திருக்கும். கூடவே, கதையில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைப் பற்றி வீட்டுக்கொரு கருத்தும் வந்து சேரும்.

கதை முடிந்த விதம் பல வாசகர்களுக்கு நிறைவு தரவில்லை. அவர் என்ன ஆனார், இவர் கல்யாணம் நடந்ததா என்று கேட்டு எழுதினார்கள். கல்கி அந்தக் கேள்விகளை ஒதுக்கித் தள்ளவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, வரலாற்று நாவல் ஏன் அப்படித்தான் முடியும் என்று விளக்கி, பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையையும் சொன்னார். அந்த முடிவுரை இன்றும் நாவலோடு சேர்ந்தே அச்சாகிறது. வாசகர் கேட்ட கேள்வியால் நூலில் சேர்ந்த பக்கங்கள் அவை.

ஜெயகாந்தன் விஷயத்தில் இது இன்னும் ஆழமாகப் போனது. 1966-ல் 'ஆனந்த விகடன்' இதழில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழை நாளில் காரில் ஏறிய கல்லூரி மாணவி கெடுக்கப்படுகிறாள். வீடு திரும்பியவளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, அவள்மேல் களங்கம் இல்லை என்று சொல்லி ஏற்றுக்கொள்கிறாள். இந்த முடிவு தமிழ்நாட்டையே இரண்டாகப் பிரித்தது. எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று கொதித்தவர்கள் ஒரு பக்கம். இப்படி ஒரு தாய் வேண்டாமா என்று கேட்டவர்கள் மறுபக்கம். பத்திரிகைகளிலும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் வாதம் ஓயவில்லை.

ஜெயகாந்தன் அந்த வாதத்தையே எடுத்துக்கொண்டு ஒரு நாவல் எழுதினார். தாய் அப்படி ஏற்றுக்கொள்ளாமல் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்பதே அதன் கரு. அந்த நாவலுக்குள் கங்கா என்ற அந்தப் பெண், பத்திரிகையில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையைத் தானே படிக்கிறாள். 'தினமணி கதிர்' இதழில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று நூலாகி, 1972-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. கதைக்கு எதிர்ப்புத் தெரிவித்த வாசகர்களுக்கும் அந்த நாவலில் பங்கு உண்டு. அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கங்காவின் வாழ்க்கை அந்தத் தண்ணீரோடு முடிந்திருக்கும்.

ரசனையா, அலசலா?

வாசகரின் கருத்து எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியும் தமிழில் பெரிய விவாதம் நடந்திருக்கிறது. அதன் இரண்டு முனைகளிலும் இருந்தவர்கள் க.நா.சுப்ரமண்யமும் சி.சு.செல்லப்பாவும். இருவரும் 1912-ல் பிறந்தவர்கள். இருவருமே வாழ்நாள் முழுக்க இலக்கியத்தைத் தவிர வேறெதையும் பெரிதாக நினைக்காதவர்கள்.

'படித்திருக்கிறீர்களா?' என்று ஒரு புத்தகத்துக்கே பெயர் வைத்தவர் க.நா.சு. தாம் படித்தவற்றில் நல்லவை எவை, ஏன் அவற்றைத் தேடிப் படிக்க வேண்டும் என்று எளிய நடையில் எழுதினார், பட்டியல் போட்டார். நண்பர் ஒருவர் சிபாரிசு செய்வதைப் போல இருக்கும் அவர் எழுத்து. எதையும் நிறுவ அவர் மெனக்கெடவில்லை என்று கல்வித்துறையைச் சேர்ந்தவர்கள் குறைப்பட்டார்கள். ஆனால், புதுமைப்பித்தனையும் மௌனியையும் எத்தனையோ பேர் அவருடைய பட்டியலைப் பிடித்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தார்கள்.

செல்லப்பாவுக்கு அது போதவில்லை. நன்றாக இருக்கிறது என்றால் எந்த வரியில், எந்தச் சொல்லில், எப்படி நன்றாக இருக்கிறது என்று காட்டியாக வேண்டும் என்றார். அந்த முறைக்கு 'அலசல் விமர்சனம்' என்று பெயர். 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முன்பே அறிவித்துவிட்டு ஆரம்பித்த பத்திரிகை அது. 1970 வரை 119 இதழ்கள் வந்தன. கைக்காசைப் போட்டு நடத்தி, புத்தகக் கட்டைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார் செல்லப்பா. வாசகராக எழுதிய கடிதத்தின் வழியே அந்தப் பத்திரிகைக்குள் வந்தவர் வெங்கட் சாமிநாதன். தமிழ்நாட்டுக்கு வெளியே அரசு வேலையில் இருந்த இளைஞர். 'பாலையும் வாழையும்' என்ற கட்டுரையால் அவர் ஒரு விமர்சகராக அறியப்பட்டார். இரண்டாயிரம் பேருக்கு உள்ளே நடந்த அந்தப் பேச்சு, தமிழ்ப் புதுக்கவிதைக்கும் நவீன விமர்சனத்துக்கும் அடித்தளம் போட்டது.

இருவரில் யார் சரி என்று தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு நல்ல வாசகரிடம் இரண்டும் இருக்கும். முதலில் க.நா.சு.வைப் போல், படித்தே ஆக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுப்பார். ஏன் என்று கேட்டால் செல்லப்பாவைப் போல் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார்.

கடிதங்களும் இதே வேலையைச் செய்தன. கோவில்பட்டிக்கு அருகே உள்ள இடைசெவல் என்ற ஒரே கரிசல் கிராமத்தில் பிறந்த கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் ஒன்றாகவே படிக்கவும் சங்கீதம் கேட்கவும் பழகினார்கள். அழகிரிசாமி வேலை தேடி ஊரை விட்டுப் போன பிறகும் பேச்சு நிற்கவில்லை, தபாலில் தொடர்ந்தது. அழகிரிசாமி தமக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்து, பின்னாளில் தொகுத்து வெளியிட்டார். கிராமத்துப் பிள்ளைகள் இருவர் தங்களுக்குள் பேசிப் பேசியே இலக்கியம் கற்றதற்கு அந்தக் கடிதங்கள் ஆவணம்.

சென்னையில் 1970-ல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' இதை ஒரு மாதாந்திர ஒழுங்காகவே ஆக்கியது. மாதம் ஒருவர் அந்த மாதப் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளைப் படித்து, அவற்றில் ஒன்றைச் சிறந்ததாகத் தேர்ந்தெடுத்து, கூட்டத்தில் காரணம் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மாதத்துக் கதைகளும் ஆண்டு முடிவில் ஒரு தொகுப்பாக வரும். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் வீட்டில் 'காகங்கள்' என்ற பெயரில் நண்பர்கள் கூடிப் பேசினார்கள். புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்கள் 1988-ல் ஜெர்மனியில் தொடங்கிய 'இலக்கியச் சந்திப்பு' ஐரோப்பிய நகரங்கள் பலவற்றுக்கும் போய், 2013-ல் யாழ்ப்பாணத்திலும் நடந்தது. சொந்த ஊரை விட்டு அகதியாகப் போன இடத்தில், பனியும் கூலி வேலையும் போக மிஞ்சிய நேரத்தில், புத்தகத்தைப் பற்றிப் பேச ஒரு மண்டபம் வாடகைக்கு எடுத்தவர்கள் அவர்கள்.

படிக்காத கருத்து

பேச்சு இல்லாத இடத்தை வேறு ஏதாவது வந்து நிரப்பிவிடுகிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வெளியானது. நான்கு ஆண்டுகள் அமைதியாகப் படிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியபோது, நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு மக்களிடம் கொடுக்கப்பட்டன. முன்னும் பின்னும் இல்லாத அந்தப் பக்கங்களே பலருக்கு முழு நாவலாகிவிட்டன. குழந்தையில்லாத காளி, பொன்னா தம்பதியின் துயரத்தைச் சொல்லும் கதை அது என்பது அந்தத் தாள்களில் இல்லை. 2015 ஜனவரியில், தமக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று பெருமாள்முருகன் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய எழுத்துரிமையை உறுதி செய்தது. ஒரு நூல் பிடிக்காதவர்கள் அதைப் படிக்காமல் விடலாம் என்றும் தீர்ப்பு சொன்னது.

நீதிமன்றம் செய்ய வேண்டியதைச் செய்தது. ஊர் செய்ய வேண்டியது ஒன்றும் இருந்தது, அது நடக்கவில்லை. 2010-க்கும் 2014-க்கும் இடையில் அந்த வட்டாரத்து நூலகம் ஒன்றில், நாவலை முழுதாகப் படித்த இருபது பேர் உட்கார்ந்து பேசியிருந்தால், பிடிக்கவில்லை என்று சிலர் காரணத்தோடு சொல்லியிருப்பார்கள். நாவல் மனத்தைத் தொட்டது என்று வேறு சிலர் சொல்லியிருப்பார்கள். நகலெடுத்த தாள் கைக்கு வந்த நாளில், இதற்கு முன்னால் என்ன வருகிறது தெரியுமா என்று கேட்க ஊரில் சில குரல்களாவது இருந்திருக்கும்.

எதிர்ப்பில் மட்டுமல்ல, பாராட்டிலும் இதே நோய் இருக்கிறது. நூல் வெளியீட்டு விழாக்களில் மேடையில் எட்டுப் பேர் அமர்கிறார்கள். ஆளுக்கொரு பொன்னாடை. நூலாசிரியரோடு தங்களுக்கு உள்ள நட்பைப் பற்றி மனம் விட்டுப் பேசுகிறார்கள். நூலுக்குள் போகிறவர் ஒருவரோ இருவரோதான். அதற்குள் நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்துவிடும். பத்திரிகைகளில் மதிப்புரைக்கு என்று இரண்டு பிரதி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் எழுத்தாளரின் நூல், கடைசியில் 'வரப்பெற்றோம்' பகுதியில் பெயர், விலை, பதிப்பகம் என்று மூன்று வரியோடு முடிந்துபோகிறது. நண்பர்களின் பாராட்டு 'அருமை' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ஐந்து ஆண்டு உழைத்து ஒரு நாவல் எழுதியவருக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இல்லை. எந்த அத்தியாயம் தூக்கத்தைக் கெடுத்தது, எந்த இடத்தில் அலுத்துப்போய்ப் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியது என்று ஒருவர் சொன்னால், அடுத்த நாவலுக்கு அது கைகொடுக்கும்.

மனம் நோகும் என்ற தயக்கம் பலருக்கு உண்டு. தெரிந்தவர் எழுதிய புத்தகத்தில் குறை சொன்னால் உறவு கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. தமிழ் இலக்கிய உலகில் ஒரு மதிப்புரையால் முறிந்த நட்புகள் இல்லாமல் இல்லை. ஆளைப் பற்றிப் பேசாமல் பக்கத்தைப் பற்றிப் பேசுவதுதான் இதற்குத் தெரிந்த மருந்து. இந்த எழுத்தாளருக்குப் பெண்களைப் பற்றி எழுதத் தெரியாது என்பது ஆளின் மேல் விழும் அடி. ஏழாம் அத்தியாயத்தில் அந்தத் தங்கை ஏன் ஒரு வார்த்தையும் பேசாமல் ஊரை விட்டுப் போகிறாள் என்பது பக்கத்தைப் பற்றிய கேள்வி. அதற்கு இன்னொரு வாசகர் விடை சொல்லலாம். அவர் சொல்வதைக் கேட்டுக் கேள்வி கேட்டவரே கருத்தை மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாறுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதற்காகத்தானே கூடி உட்காருவது.

தேதிச் சீட்டில் உள்ளவர்கள்

இதற்கெல்லாம் புதிய கட்டடம் தேவையில்லை. இருக்கிறது. 1948-ல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் வந்த முதல் சட்டம். வீட்டு வரியோடு நூலக வரி கட்டுவது அதனால்தான். அந்த வரிப் பணத்தில் இன்று தமிழ்நாடு முழுக்க நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் வாசகர் வட்டம் என்ற அமைப்பும் உண்டு. நன்றாக இயங்கும் வட்டங்கள் சில ஊர்களில் இருக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்கள் வணக்கத்துக்குரியவர்கள். மற்ற பல இடங்களில் வட்டம் ஆண்டுக்கு இரண்டு மூன்று விழாவோடு நின்றுவிடுகிறது. நூலக வார விழாவில் பேச்சுப் போட்டி நடக்கிறது, தலைவர் பிறந்த நாளில் படத்துக்கு மாலை போடப்படுகிறது. ஒரு புத்தகத்தை எடுத்துப் பத்துப் பேர் படித்துவிட்டு வந்து பேசுவது மட்டும் அபூர்வமாக இருக்கிறது.

இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர். அவர் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளை உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதே 1931-ல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகும் நடமாடும் நூலகம் புறப்பட்டது. வண்டி வாசலுக்கு வந்து நிற்கும்போது மக்கள் சுற்றிக் கூடுவார்கள். நூலுக்கும் வாசகருக்கும் நடுவில் வேறொரு மனிதரின் பேச்சு வேண்டும் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. திராவிட இயக்கத்தார் தெருவுக்குத் தெரு நடத்திய படிப்பகங்களில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சுற்றி உட்கார்ந்து கேட்டுக் கருத்துச் சொன்னார்கள். தூத்துக்குடியில் ஒரு முடிதிருத்தகத்தில் புத்தகங்களை அடுக்கி வைத்து, காத்திருக்கும் நேரத்தில் படிப்பவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை தருகிறார் அதன் உரிமையாளர். ஒரு தனி மனிதர் தம் வருமானத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துச் செய்வதை, வரி வாங்கி நடக்கும் நூலகங்கள் செய்ய முடியாதா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு கிளை நூலகமும் மாதம் ஒரு புத்தகத்தை அறிவிக்கட்டும். நாவல், சிறுகதைத் தொகுப்பு, வரலாறு, அறிவியல், எதுவாகவும் இருக்கலாம்; எதை எடுப்பது என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும். மாவட்ட மைய நூலகம் அந்தப் புத்தகத்தில் ஐந்து பிரதிகளை ஒரு மாதத்துக்கு அனுப்பி வைக்கட்டும். அடுத்த மாதம் அதே ஐந்து பிரதிகள் பக்கத்து ஊருக்குப் போகட்டும். மாதக் கடைசி ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம் நூலகத்தின் கூடம் பேச்சுக்காகத் திறந்திருக்கட்டும். மேடையும் பொன்னாடையும் சிறப்பு விருந்தினரும் வேண்டாம். படித்து முடித்தவர்கள் பேசட்டும், பாதி படித்தவர்கள் எந்தப் பக்கத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று சொல்லட்டும், படிக்காதவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். பேசியதை ஒருவர் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், பத்து ஆண்டு கழித்து அந்த ஊர் என்ன படித்தது, என்ன நினைத்தது என்பதற்கு அதுவே பதிவு.

நூலகர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது உண்மை. பல கிளை நூலகங்களை ஒரே ஆள் பார்த்துக்கொள்கிறார். மாதத்துக்கு ஒரு ஞாயிறு கூடுதலாக வேலை செய்யச் சொல்கிற அரசு, அதற்குரிய விடுப்பையும் படியையும் தர வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களும் வீட்டில் இருக்கும் பெண்களும் வரக்கூடிய நேரமாக, குழந்தையைக் கூட்டிவரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். தைத்து வைத்த தொடர்கதைகளைத் தெருவெங்கும் சுற்றவிட்டவர்களில் பலர் பெண்கள்தான். இலக்கியக் கூட்டங்களில் அவர்களின் நாற்காலிகள் காலியாக இருப்பதற்குக் கூட்டம் நடக்கும் நேரமும் இடமுமே முதல் காரணம்.

கிளை நூலகத்தில் ஒரு பழைய நாவலை எடுத்துப் பின் அட்டையைத் திருப்பினால் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். ஊதா மையில் வரிசையாக முத்திரைகள். ஒவ்வொரு தேதிக்குப் பின்னாலும் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்த ஒருவர் இருக்கிறார். சிலர் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டிருப்பார்கள். ஒருவர் ஒரு வரிக்கு எதிரே 'உண்மை' என்று எழுதியிருப்பார். அதன் கீழே வேறு கையெழுத்தில், வேறு ஆண்டில், 'இல்லை' என்று இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே பேருந்து நிறுத்தத்தில் நின்றிருப்பார்கள். அந்த நூலகத்தின் கரும்பலகையில் புத்தகத்தின் பெயரையும், ஞாயிறு மாலை ஐந்து மணி என்றும் எழுதிப் போட்டால், இருவரும் வந்து எதிரெதிரே உட்கார்ந்து ஏன் 'உண்மை', ஏன் 'இல்லை' என்று பேசத் தொடங்கலாம்.